அவளுக்குக் கிடைத்த மாத்திரை

என் ஓரகத்திக்கும் எனக்கும் இரண்டரை மாத இடைவெளியில் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கு முதலில், அவளுக்கு அடுத்து. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டோம் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் இரத்த உறவு எதுவும் கிடையாது. இருந்தாலும் உறவுக்காரர்கள் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள். ஒருவர் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். நான் சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஸ்கூடாயில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இருபது வருடங்களுக்கு மேலாக உயிரியல் கற்றுக்கொடுப்பவள். இது தற்செயல் என்று எனக்குத் தெரியும். நோயில்கூட அவளுக்கு நல்லதும் எனக்குக் கெட்டதும் வந்து சேர்ந்ததை மட்டும் என்னால் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைவிட ஐந்து வயது இளையவள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்தியவள். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ். கல்யாணமாகி எங்கள் குடும்பத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே மாமியார் அவளைப் பெயர் சொல்லிச் செல்லமாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். என்னைக் கடைசிவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார். மரியாதைதான். ஆனால் மரியாதையை மடியில் வைத்துக் கொஞ்ச முடியாது. என் கணவர் வீட்டில் பேசுவதே குறைவு. அவள் வந்தால் அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

என் மகள் விஷயத்தில்தான் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அவள் பெரியவளானபோது அந்தச் செய்தி எனக்கு என் ஓரகத்தியின் போன் மூலமாகத்தான் வந்தது. பள்ளி விடுமுறைக்கு அங்கே போயிருந்தாள், அதனால் அவளிடம் சொன்னாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு முதல் காதலையும் சித்தியிடம்தான் சொன்னாள். சிங்கப்பூரில் வேலை கிடைத்தபோது அந்தச் செய்தி என் வாட்ஸ்அப்புக்கு வருவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே சித்திக்குப் போயிருந்தது. நேரத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

எனக்கு நோய் வந்த கதை சுருக்கமானது. குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மாமோகிராம், ஊசி வைத்து எடுத்த சதைத் துணுக்கு, இரண்டு வாரக் காத்திருப்பு. அறிக்கையைக் கையில் வாங்கியபோது அதில் மூன்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மூன்றிலும் ‘நெகட்டிவ்’. பக்கத்தில் நின்ற என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நெகட்டிவ்தான் போட்டிருக்கு. நல்லதுதானே?” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அது நல்லதல்ல, ஹார்மோனை வைத்தோ வேறு குறிவைத்த மருந்தை வைத்தோ அடக்க முடியாத வகைக் கட்டி என்று பொருள் என்பதை அங்கேயே, மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் நின்று அவருக்குச் சொன்னேன். இன்னொரு வரியும் இருந்தது. பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்களில் மட்டுமே தென்படும் ஒரு புரதத்தின் அளவு. அது மிக உயர்வாக இருந்தது. என் உயிரணுக்கள் ஓய்வே இல்லாமல் பிரிந்துகொண்டிருந்தன.

கீமோ தொடங்கியது. முதலில் ரோஸ் சிரப் போல ஒரு சிவப்பு மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வாயெல்லாம் புண். பாலில் ஊறவைத்த ரொட்டிகூட எரிந்தது. பதினாறாவது நாள் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. கணவர் ஷேவிங் மெஷினை எடுத்துவந்து மிச்சத்தை வழித்துவிட்டார்.

இரண்டாவது கீமோ முடிந்த வாரத்தில் ஓரகத்தியும் கொழுந்தனும் வீட்டுக்கு வந்தார்கள். மீன் சூப் வைத்து எடுத்துவந்திருந்தாள். அதை மேசையில் வைத்துவிட்டு, “அக்கா, எனக்கும் அதேதான்லா” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. “எது?”

“உங்களுக்கு வந்ததுதான். வலது பக்கம். எனக்கு எல்லாம் பாசிட்டிவாம்.”

ஹார்மோன் இரண்டும் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனை அடக்கினால் அடங்குகிற கட்டி. நான் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அழுதேன்கூட. அந்த அழுகை உண்மையானதுதான். ஆனால் அவள் தோளில் முகம் புதைத்திருந்தபோதே என் மூளையின் ஒரு மூலை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பாசிட்டிவ் என்றால் மாத்திரை. மாத்திரை என்றால் முடி கொட்டாது.

அப்படித்தான் நடந்தது. அவளுக்கு ஹார்மோனை அடக்க ஒரு மாத்திரையும், அதோடு புதிதாக இன்னொரு மாத்திரையும் கொடுத்தார்கள். இருபத்தொரு நாள் தினம் ஒன்று, பிறகு ஏழு நாள் ஓய்வு. மாதம் ஒரு ஊசி. “அது கால்சியத்துக்கு” என்றாள். நான் நகம் கறுத்து, புருவம் உதிர்ந்து, கண்ணாடி பார்ப்பதை நிறுத்தியிருந்த மாதங்களில் அவள் பின்னல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். தொழிற்சாலையிலும் நின்றபடி செய்கிற லைன் வேலையிலிருந்து மாற்றி, ஸ்டோர் அறையில் நாற்காலி வேலை கொடுத்துவிட்டார்கள். அதிர்ஷ்டக்காரிக்கு நோய் வந்தால்கூடப் பதவி உயர்வு என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஐந்தாவது கீமோ முடிந்து, மருந்து மாறியிருந்த நேரம். மகள் சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து வந்திருந்தாள். என் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். கொழுந்தன் சும்மா இருக்காமல், “அந்த மாத்திரை உள்ள போயி என்னதான் செய்யும்?” என்று கேட்டார். கேள்வி பொதுவாகத்தான் விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“ஒரு செல்லு ரெண்டா பிரியறதுக்கு முன்னாடி ஒரு கேட்டு இருக்காம். எங்க பேக்டரி மாதிரி. அங்க ஒரு செக்யூரிட்டி கார்டு நிக்கறாரு. பாஸ் இல்லாம உள்ள விட மாட்டாரு. சைக்ளின்னு ஒன்னு இருக்கு, அது இன்னொருத்தனைக் கூட்டாளியாச் சேத்துக்கிட்டு வந்து கார்டை ஓரமாத் தள்ளி விட்டுடும். கேட்டு தொறந்துடும். எனக்கு அந்தச் சைக்ளின் ஜாஸ்தியா வேலை செய்யுதாம், ஹார்மோன் அதைத் தூண்டி விட்டுக்கிட்டே இருக்குதாம். இந்த மாத்திரை அந்தக் கூட்டாளியோட கையைப் புடிச்சுக் கட்டிப் போட்டுடும். அவ்ளோதான்!”

“சூப்பர் சித்தி!” என்றாள் என் மகள். “நான் அனுப்பின வீடியோவைவிட நல்லா சொல்றீங்க.”

அப்படியென்றால் மகள் அவளுக்கு வீடியோ அனுப்பியிருக்கிறாள். இருபத்து மூன்று வருடமாக உயிரணுச் சுழற்சியை வெண்பலகையில் வரைகிறேன். வளர்ச்சி, நகலெடுப்பு, சரிபார்ப்பு, பிரிதல் என்று நான்கு கட்டங்கள், நான்கு வண்ண மார்க்கர். அந்தப் புரதங்களின் பெயர் எங்கள் பாடத்தில் வராது. நானும் தேடிப் படித்ததில்லை. மூன்றாம் படிவம் படித்தவள் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எனக்கு என் பாடத்தை நடத்துகிறாள். என் மகள் கை தட்டுகிறாள்.

“அவ்ளோ சுலபம் இல்ல அது” என்றேன். “கேட்டு, கார்டுன்னு கதை சொல்லலாம். உண்மையிலே அங்க என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னா நிறைய படிக்கணும்.”

“சரிதான்க்கா. எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. “உனக்கென்ன, லேசான கேன்சர். மாத்திரையை முழுங்கிட்டு வேலைக்குப் போயிட்டு வந்துடறே. எனக்கு வந்தது அப்படி இல்ல.”

கொழுந்தன் தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மகளின் முகம் சிவந்தது. என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஓரகத்தி மேசைக்கடியில் அவள் முழங்காலில் கை வைத்ததைப் பார்த்தேன்.

“ஆமாக்கா” என்று சிரித்தாள். “எனக்கு லேசானதுதான். ரசம் ஊத்தட்டா?”

அடுத்த புதன்கிழமை மருத்துவரிடம் என் முறை. மலாய்க்காரப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயதாவது சிறியவர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன். இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து அவர் கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: “அந்தச் சைக்ளின் மாத்திரையை எனக்கும் கொடுக்க முடியுமா?”

அவர் திரும்பிப் பார்த்தார். “எங்கே கேள்விப்பட்டீர்கள்?”

“என் சொந்தக்காரி ஒருத்தி சாப்பிடுகிறாள்.”

நோயாளியின் கேள்வியை ஒதுக்கித் தள்ளுகிறவர் அல்ல அவர். ஒரு காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் வட்டம் ஒன்று வரைந்தார். நான் பலகையில் வரையும் அதே வட்டம். வட்டத்தின் முதல் பகுதியில் குறுக்கே ஒரு கோடு போட்டார். “இங்கே ஒரு தடுப்புப் புரதம் நிற்கிறது. தேவையில்லாமல் உயிரணு பிரியாமல் அதுதான் பார்த்துக்கொள்கிறது. சைக்ளினும் அதன் கூட்டாளி நொதியும் சேர்ந்து அந்தத் தடுப்பைச் செயலிழக்கச் செய்யும். மாத்திரை அந்தக் கூட்டாளியை நிறுத்தும். தடுப்பு மறுபடியும் தன் வேலையைச் செய்யும். ஆனால் அதற்குத் தடுப்பு இருக்க வேண்டும். உங்கள் வகைக் கட்டிகளில் பலவற்றில் அந்தத் தடுப்புப் புரதமே தொலைந்துபோயிருக்கும். அப்போது யாரை நிறுத்தி என்ன பயன்?”

என் ஓரகத்தி சொன்னது அத்தனையும் சரி. என் வாசலில் காவலாளியே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். “எல்லா நல்ல மருந்தும் மற்றவர்களுக்குத்தான்” என்று சிறுபிள்ளைபோலச் சொன்னேன்.

மருத்துவர் பேனாவை மூடினார். “இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே அந்த மாத்திரையை நாங்கள் பெரும்பாலும் யாருக்குக் கொடுக்கிறோம் தெரியுமா? எலும்புக்கோ ஈரலுக்கோ பரவிவிட்டவர்களுக்கு. அவர்களுக்கு நோயை அடக்கி வைப்பதற்காக. உங்களுக்கு நாங்கள் முயல்வது அடக்கி வைக்க அல்ல, குணப்படுத்த. அதனால்தான் இவ்வளவு கடுமையாக இருக்கிறது.” பிறகு, என் உறவினர் யார், எவர் என்று எதுவும் கேட்காமல், “உங்கள் சொந்தக்காரரின் நிலை எனக்குத் தெரியாது. பொதுவாகத்தான் சொல்கிறேன்” என்றார்.

வெளியே வந்து மருந்தகத்துக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கணவர் வரிசையில் நின்றிருந்தார். மாதம் ஒரு ஊசி, கால்சியத்துக்கு. நாற்காலி வேலை. போன வருடம் முழுக்க இடுப்பு வலி என்று அவள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முறுக்கு பிழியும்போது ‘கொஞ்சம் புடிங்கக்கா’ என்று உரலை என்னிடம் நீட்டியது. ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன.

மறுநாள் மத்தியானம் கணவரை அழைத்துக்கொண்டு பாசிர் கூடாங்குக்குப் போனேன். அவரும் கொழுந்தனும் முன்வாசலில் காரைத் திறந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குனிந்து வாளியிலிருந்து எடுக்கவில்லை. வாளியை ஒரு நாற்காலிமேல் வைத்து, நின்றபடியே எடுத்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“எங்கெல்லாம் பரவியிருக்கு?” என்றேன்.

அவள் ஒரு சட்டையை உதறிப் போட்டு, கிளிப் மாட்டினாள். “முதுகெலும்புல ரெண்டு எடம். இடுப்புல ஒன்னு. மொதல்லயே அப்படித்தான் இருந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“உங்களுக்குக் கீமோ ஓடிக்கிட்டு இருந்துச்சு. உங்க மூஞ்சிய பாத்தா சொல்ற மாதிரியா இருந்துச்சு? அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு...”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“இவருக்கு. அப்புறம்...” அவள் தயங்கினாள். “உங்க பொண்ணுக்கு. ஸ்கேன் அன்னிக்கு அவதான் லீவு போட்டுட்டு வந்து என்கூட இருந்தா. அம்மாகிட்ட சொல்லிடாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அவளைத் திட்டாதீங்க.”

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளதை எழுதிவிடுகிறேன். எதிரில் நிற்பவளின் முதுகெலும்பில் புற்று. அதைக் கேட்ட அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல. என் மகள் லீவு போட்டுக்கொண்டு இவளோடு போனாளா என்பதுதான். அதுவரை நடந்த என்னுடைய ஐந்து கீமோவில் ஒன்றுக்குக்கூட அவள் வரவில்லை. நான்தான் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று தடுத்திருந்தேன், உண்மை. ஆனாலும் வந்திருக்கலாம்.

என் முகத்தை அவள் படித்துவிட்டாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

“உங்களுக்கு என்மேல பொறாமைன்னு எனக்குத் தெரியும்க்கா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தெரியும்.”

நான் மறுக்கவில்லை.

“எனக்கும் உங்க மேல பொறாமைதான்” என்றாள். “அன்னிக்கு உங்க வீட்டுல காலண்டர் பாத்தேன். கீமோ நாளை எல்லாம் செவப்புல வட்டம் போட்டு, அடிச்சு அடிச்சு வச்சிருந்தீங்க. கடைசி வட்டத்துக்குப் பக்கத்துல ‘முடிவு’ன்னு எழுதி வச்சிருந்தீங்க. வீட்டுக்கு வந்து அழுதேன். என் காலண்டர்ல அப்படி எழுத எடமே இல்ல. இந்த மாத்திரை கேக்கற வரைக்கும் இது. கேக்கலன்னா வேற ஒன்னு. முடியெல்லாம் கொட்டட்டும், நகமெல்லாம் கறுக்கட்டும், உங்களுக்கு வந்ததே எனக்கும் வந்திருக்கக் கூடாதான்னு சாமிகிட்டயே கேட்டேன். தப்புதானே?”

“தப்பு இல்ல” என்றேன். “நானும் அதையேதான் கேட்டேன். தலைகீழா.”

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வாளியில் மிச்சமிருந்த துணிகளை நான் எடுத்துக் கொடுக்க, அவள் காயப்போட்டாள். ‘லேசான கேன்சர்’ என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அதை விடுங்கக்கா, அது அன்னிக்கே ரசத்தோட போச்சு” என்றாள். அவளுக்கு அது போயிருக்கலாம். எனக்கு இன்னும் போகவில்லை.

அன்று மாலை மகளுக்குப் போன் செய்தேன். திட்டவில்லை. “அடுத்த வாட்டி எனக்கும் சொல்லு” என்று மட்டும் சொன்னேன். அவள், “நீங்க எல்லாத்தையும் ரிப்போர்ட் கார்டு மாதிரி பாப்பீங்கம்மா. சித்தி பாக்க மாட்டாங்க. அதான்” என்றாள். அது சுட்டது. அவள் சொன்னதில் பிழையொன்றும் இல்லை.

என் கதை நல்லபடியாக முடிந்தது. கீமோவுக்குப் பிறகு அறுவை சிகிச்சை. வெட்டியெடுத்த பகுதியில் உயிருள்ள புற்றணு எதுவும் மிச்சமில்லை என்று அறிக்கை வந்தது. வேகமாகப் பிரிகிற உயிரணுக்களைத்தான் கீமோ வேகமாகக் கொல்லும், ஓய்வில்லாமல் ஓடியதே அவற்றுக்கு எமனாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அந்த அறிக்கையை ஓரகத்தியிடம் காட்டப் பயந்தேன். மூன்று நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். காட்டியபோது அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காதோரம், “பொறாமையா இருக்குக்கா” என்றாள். எங்களுக்குள் இப்போது அந்தச் சொல்லுக்குக் கூச்சமில்லை.

கதிர்வீச்சும் முடிந்து, புதிய பருவத்தில் பள்ளிக்குத் திரும்பினேன். உயிரணுச் சுழற்சிப் பாடம் வந்தபோது, பாடநூலில் இல்லாத சைக்ளினையும் அதன் கூட்டாளியையும் தடுப்புப் புரதத்தையும் பலகையில் எழுதினேன். தேர்வுக்கு வருமா என்று ஒரு மாணவி கேட்டாள். வராது என்றேன். உடனே பாதிப் பேர் பேனாவை வைத்துவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. தொழிற்சாலை வாசல், காவலாளி, பாஸ் இல்லாமல் வருகிறவன் என்று ஓரகத்தி சொன்ன மாதிரியே சொன்னேன். அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று வகுப்பில் சொன்னேனா? இல்லை. இதிலும் நான் கொஞ்சம் கஞ்சம்தான்.

ஓரகத்தி அந்த மாத்திரையில் இரண்டாவது வருடத்தைத் தாண்டிவிட்டாள். அவ்வப்போது வெள்ளை அணுக்கள் குறைந்து, மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவைப்பார்கள். அந்த வாரம் முழுக்கக் கொழுந்தன் சரியாகச் சாப்பிட மாட்டார். எலும்பில் இருப்பவை வளரவில்லை, புதிதாக எதுவும் வரவில்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய வாரம் அவள் என்னிடம் சிடுசிடுப்பாள். நானும் பதிலுக்குச் சிடுசிடுப்பேன்.

போன மாதம் அப்படி ஒரு ஸ்கேன். மகள் வழக்கம்போல லீவு சொல்லிவிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ‘சித்தி, காலைல ஏழு மணிக்கு வந்து ஏத்திக்கிறேன்’ என்று எழுதியிருந்தாள். நான் பள்ளி ஓய்வறையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரகத்தியின் பதில் வந்தது: ‘நீ வேணாம்டா. இந்த வாட்டி உங்கம்மா வரட்டும். ரிப்போர்ட் படிக்க அவங்கதான் சரி.’

மகள் அழும் முகம் ஒன்றைப் போட்டாள். அவளுக்கு வருத்தம் என்று தெரிந்தது. என் பெண்ணைத் தேற்றி ஏதாவது எழுதியிருக்க வேண்டும். நான் உடனே எழுந்து, அந்த நாளுக்கு விடுப்புக் கேட்க நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.